அழக்கூடாத சாவு

அரைக்கீரை அறுக்கும்போது சின்னத்தாய்க்குக் கையில் அரிவாள் பட்டுவிட்டது. இடதுகை ஆள்காட்டி விரல். நல்ல ஆழம். இரண்டு பாத்தி தள்ளி முளைக்கீரை பிடுங்கிக்கொண்டிருந்த மாயக்காளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வேரில் ஒட்டிய சேற்றை வாய்க்காலில் அலசலாம் என்று எழுந்தபோதுதான் பார்த்தாள். ஒன்பது வயசு மகள், அறுத்த கீரையைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். கீரை மேல் ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கிறது. வேறு யாருடைய கையையோ வேடிக்கை பார்ப்பதுபோல அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மாயக்காள் ஓடிப்போய் விரலை வாயில் வைத்துச் சப்பினாள். முந்தானை நுனியைக் கிழித்துச் சுற்றினாள்.

"என்னடி தாயி இது, கூப்பிட மாட்டியா? வலிக்குதா? வலிக்குதுன்னு சொல்லு. ஆன்னாச்சும் சொல்லு."

சின்னத்தாய் சொல்லவில்லை. அழவும் இல்லை. கட்டுப் போட்டு முடிந்ததும் குனிந்து அரிவாளை எடுத்துக்கொண்டு மிச்சப் பாத்தியை அறுக்கப் போனாள்.

பழங்காநத்தத்துக்குத் தெற்கே, கண்மாய்க்குக் கீழ்ப்பக்கம் அவர்களுடைய கீரைத் தோட்டம். அந்த வருசம் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை பிறந்தும் விடவில்லை. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. நெல் போட்டவர்களுக்குக் கொண்டாட்டம். கீரை போட்டவர்களுக்குத்தான் பாடு. மழை அடித்தால் மண் தெறித்து இலையெல்லாம் சேறாகிவிடும். ஒவ்வொரு பிடியாக அலசி, உதறி, வாழை நாரில் கட்டி, ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்தால்தான் விடிந்ததும் டவுனுக்குக் கூடையைத் தூக்க முடியும். மாயக்காளின் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். அதோடுதான் அன்று சாயங்காலம் கீரையைக் கட்டுப் போட உட்கார்ந்தாள்.

அவளுடைய புருசன் காளையின் அக்கா ஒச்சம்மாள், மேலத்தெருவில் இருப்பவள், அப்போதுதான் வந்தாள். வந்தவள் சும்மா இருக்கமாட்டாள். அவளும் ஒரு பிடி நாரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"விரலை அறுத்துக்கிருச்சாமே."

"ஆமா மதினி."

"அழுதுச்சா?"

மாயக்காள் அடுத்த பிடிக் கீரையை எடுத்து உதறினாள்.

"அழுகலை. அதானே. எனக்குத் தெரியும். ஏத்தா மாயக்கா, நான் சொல்றேன்னு வருத்தப்படாத. எட்டு மாசமாச்சு. ஒரு பேச்சு உண்டா, ஒரு சிரிப்பு உண்டா? எம் பேத்தி கூப்பிட்டா பாண்டி ஆடப் போகுதா? அன்னைக்கு நான் பாக்குறேன், கஞ்சிச் சட்டிய வச்சுக்கிட்டுப் பாதியத்தான் குடிக்குது. மீதிய மூடி வைக்குது. யாருக்கு வைக்குதுங்குறேன்?"

"அதுக்குப் பசி கொஞ்சம் மதினி."

"பசி கொஞ்சமாம். பாய்ல ஓரமா ஒடுங்கிக்கிட்டுப் படுக்குதே, அதுவும் பசியா? இங்கிட்டு ஒரு ஆளு படுக்குற எடத்தை விட்டுப்போட்டுல்ல படுக்குது. அந்த எடத்துல நான் உக்காந்ததுக்கு எப்பிடிப் பாத்துச்சுங்குற. எனக்குக் குலை நடுங்கிப்போச்சு."

சின்னத்தாய் அடுப்படியில் கேப்பைக் கூழுக்குத் தீ தள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். திரும்பவில்லை.

"மெல்லப் பேசுங்க மதினி."

"மெல்லப் பேசினா மட்டும் எந்திரிச்சு வந்து பதில் சொல்லிருமாக்கும். கோடாங்கி பாத்தாச்சு. ஆடியில மொளகாப் புகை போட்டானே, பெரிய ஆளுக எல்லாம் இருமித் தும்மிக் கண்ணீர் விட்டோம், அது கல்லு மாதிரி உக்காந்திருந்துச்சே. அதான் தம்பிகிட்டச் சொல்லிட்டேன். வடக்கே அந்தக் கோயில் இருக்குல்ல, புத்தி பேதலிச்சவுகளை விடுற கோயிலு. நாப்பத்தெட்டு நாளு. தூண்ல கட்டி வைப்பாக, காலையில சாயங்காலம் தலையில தண்ணி ஊத்துவாக. எங்க ஓரகத்தி தம்பி தெளிஞ்சுதான வந்தான்."

"கட்டி வைப்பாகளா?"

"ஓடிப்போயிருமேன்னு கட்டுறாக. அடிக்கவா போறாக? வார வெள்ளிக்கிழமை வண்டி. தம்பி சரின்னுட்டான்."

மாயக்காள் கையிலிருந்த கட்டின் நார் அறுந்துபோனது. இன்னொன்று எடுத்துச் சுற்றினாள். அதுவும் அறுந்தது.

"நாரை நனைச்சுக் கட்டு" என்றாள் ஒச்சம்மாள்.

எட்டு மாசத்துக்கு முன்னால், பங்குனியில், அந்தத் தெருவுக்கு அம்மை வந்தது. முதலில் சின்னத்தாய்க்குப் போட்டது. மூன்றாம் நாள் தம்பி சோணைக்கு. சோணைக்கு நாலு வயசு. ஒரே பாயில் வேப்பிலை பரப்பி இரண்டு பேரையும் படுக்கவைத்திருந்தார்கள். வாசலில் வேப்பங்கொத்து. வீட்டில் தாளிக்கக்கூடாது, சண்டை போடக்கூடாது, தலைசீவக்கூடாது, வந்தவர்களை வா என்று சொல்லக்கூடாது, போனவர்களைப் போய்வா என்று சொல்லக்கூடாது. ஆத்தா வந்து இறங்கியிருக்கும் வீடு. அவள் மனம் குளிர இருக்கவேண்டும்.

பதினோராம் நாள் விடியக்காலை சோணை போய்விட்டான். அம்மையில் போன பிள்ளைக்கு அழக்கூடாது. அழுதால் ஆத்தாளைப் பழித்ததாகும். அவள் கோபப்பட்டால் வீட்டில் கிடக்கும் மற்றதையும் விடமாட்டாள். கொட்டு இல்லை, சங்கு இல்லை, மாரடிப்பு இல்லை. காளையும் இன்னும் இரண்டு ஆளும் வேப்பிலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்கள். போகும்போது காளை செருமக்கூட இல்லை. மாயக்காள் அன்றைக்கும் இளநீர் வெட்டி மகள் வாயில் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். சின்னத்தாய்க்கு மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஆத்தா இறங்கிப் போவதற்கு மேலும் பதினைந்து நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு யாரும் அழ உட்காரவில்லை. அழுகைக்கு ஒரு நேரம் உண்டல்லவா, அது தாண்டிப் போயிருந்தது. சோணையின் பெயரையும் வீட்டில் எடுப்பதில்லை. பிழைத்த பிள்ளை கேட்டுக் கேட்டு ஏங்கிவிடும் என்று காளைதான் சொன்னான். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு நாளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மாயக்காள் கூடையோடு மகளையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். தெற்குமாசி வீதியில் வழக்கமாகப் போடும் வீடுகளுக்குப் போட்டுவிட்டு, ஒரு சந்துக்குள் இருந்த பிலோமினாள் வீட்டுக்கு வந்தாள். பிலோமினாள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கீரை பேரம் பேசமாட்டாள், ஆனால் ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்ப்பாள்.

"பூச்சி இருக்கு மாயக்கா."

"பூச்சி திங்காத கீரையில என்னம்மா ருசி இருக்கும்? அதுக்கே பிடிக்கலைன்னா மனுசருக்குப் பிடிக்குமா?"

"வாய் மட்டும் இல்லாட்டி உன்னை நாய் தூக்கிட்டுப் போயிரும். இதான் உம் பொண்ணா? வாம்மா. பேரென்ன?"

சின்னத்தாய் அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். மாயக்காள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை வண்டியையும் சொன்னாள். பிலோமினாள் நின்றபடியே கேட்டாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "வா" என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா சின்னத்தாயின் வாயைத் திறக்கச் சொல்லி, கரண்டிக்காம்பு மாதிரி ஒன்றை வைத்து அமுக்கிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் கையைத் தட்டிப் பார்த்தார். தொண்டையில் ஒரு குறையும் இல்லை, காதும் நன்றாகக் கேட்கிறது, இதற்கு மருந்து கிடையாது, வீட்டில் அன்பாகப் பேச்சுக் கொடுங்கள் என்றார். வெளியே வரிசையில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு தைலம்கூடத் தரலையேம்மா" என்றாள் மாயக்காள், வாசலுக்கு வந்ததும்.

"இல்லாத நோவுக்கு எதைத் தருவாங்க?"

"நோவு இல்லைன்னா ஏம்மா பேச மாட்டேங்குது?"

பிலோமினாள் குடையை விரித்தாள். "தம்பி போனப்ப இது அழுதுச்சா?"

"அம்மைச் சாவுக்கு யாரும்மா அழுவா?"

"நீ?"

"நான் எப்பிடி அழுக? இது பக்கத்துலயே கெடக்கு, உயிரு வாரதும் போறதுமா. நான் அழுது இதையும் குடுத்துரவா?"

"எனக்கு உங்க வழமை தெரியாது மாயக்கா. எங்க வீட்ல எங்க அண்ணன் மகன் போனப்ப ஒரு வாரம் கத்தினோம். கத்தினதால யாரும் வந்துரலை. ஆனா எல்லாருக்கும் தொண்டை கட்டிப்போச்சு, அப்புறம் பசிச்சுச்சு. வெள்ளிக்கிழமை அனுப்பாத, அம்புட்டுத்தான் நான் சொல்லுவேன். அப்பிடிக் கட்டிப்போட்டவங்களை நான் பாத்திருக்கேன். காலெல்லாம் புண்ணாகித்தான் இங்க கொண்டாருவாங்க."

"அவுக அக்கா வண்டி பேசிட்டாகளே."

"ஒரு வார்த்தை பேசிட்டா விட்டுருவாங்கல்ல?"

"ஒரு வார்த்தை பேசினாப் போதும்மா."

வழிநெடுக மாயக்காள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். டாக்டரம்மா சொன்ன மருந்து அதுதானே. "அந்தாரு, மாட்டுக்கு லாடம் அடிக்கிறாக. அந்தாரு, கொய்யாப்பழம். வேணுமா? வேணும்னு சொன்னா வாங்கித் தாரேன்." சொல்லவில்லை. கொஞ்சம் போய்விட்டுத் திரும்பிவந்து வாங்கிக் கொடுத்தாள். சின்னத்தாய் இரண்டு பழத்தில் ஒன்றைத் தின்றாள். மற்றதை வீடுவரை கையிலேயே வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமையும் பேச்சுக் கொடுத்தாள். புதன்கிழமையும் கொடுத்தாள். தனக்குத் தெரிந்த கதையெல்லாம் தீர்ந்துபோய், கீரையைப் பற்றி, மழையைப் பற்றி, ஒச்சம்மாள் மதினியின் குறட்டையைப் பற்றிப் பேசினாள். புதன்கிழமை சாயங்காலம் காளை வண்டியில் பரப்ப வைக்கோல் எடுத்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். அந்த வைக்கோலைப் பார்த்ததும் மாயக்காளுக்கு என்னவோ ஆகிவிட்டது.

மகளைப் பிடித்து முன்னால் உட்காரவைத்தாள்.

"அம்மான்னு சொல்லு."

சின்னத்தாய் பார்த்தாள்.

"அம்மான்னு வேணாம். வேற எதாச்சும் சொல்லு. பசிக்குதுன்னு சொல்லு. போடின்னு வேணும்னாலும் சொல்லு. ஒன்னயத் தூண்ல கட்டப் போறாகடி. நாப்பத்தெட்டு நாளுடி. கேக்குதா ஒனக்கு?"

தொடையில் கிள்ளினாள். இன்னும் அழுத்திக் கிள்ளினாள். பக்கத்தில் கிடந்த தண்டுக்கீரைத் தண்டை எடுத்து முழங்காலில் ஒன்று வைத்தாள். "அழுடி. அழுது தொலைடி. ஊருல புள்ளைக அழுகலையா? அழு." தண்டு ஒடிந்தது. இன்னொன்று எடுத்தாள்.

அப்போது சின்னத்தாய் வலது கையைத் தூக்கித் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். விரல் நுனி கன்னத்தில் பதிகிற மாதிரி இறுக்கி. கண் மட்டும் மாயக்காளின் முகத்திலேயே இருந்தது. சொன்ன வேலையைச் சரியாகச் செய்கிறேனா என்று கேட்கிற பிள்ளையின் கண் அது.

மாயக்காளின் கையில் இருந்தது கீழே விழுந்தது.

அந்த விடியக்காலை. அவள் திரும்பிப் பார்த்தபோது சோணை மேல் ஈ உட்கார்ந்திருந்தது. அது பறக்கவில்லை. அவளுக்கு முன்னாலேயே சின்னத்தாய் எழுந்து அதைப் பார்த்துவிட்டிருந்தது. உடம்பெல்லாம் அம்மை முத்தோடு அது வாயைத் திறந்தது. மாயக்காள் பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள். முத்து உடைந்து கையெல்லாம் ஈரமானது, அப்படியும் எடுக்கவில்லை. "சத்தம் போடாத. மூச்சு விடாத. அழுதேன்னா ஆத்தா உன்னையும் கூட்டிட்டுப் போயிருவா, எங்களையும் கூட்டிட்டுப் போயிருவா. வாயைத் திறக்கவே கூடாது, கேட்டுக்க." எவ்வளவு நேரம் பொத்தியிருந்தாள் என்று தெரியாது. பிள்ளை தலையை ஆட்டியது. அதன் பிறகுதான் கையை எடுத்தாள்.

அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டது. எட்டு மாசமாக அம்மாவையும் அப்பாவையும் அது காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

"எடுத்துரு தாயி" என்றாள் மாயக்காள். "கையை எடுத்துரு. ஆத்தா போயிட்டா. எப்பவோ போயிட்டா. இனி அழுகலாம்." கையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வரவில்லை. தான் அழுது காட்டினால் அதற்குத் தைரியம் வரும் என்று நினைத்து முகத்தைக் கோணிக்கொண்டு அழப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. வறட்டு இருமல்போல என்னவோ வந்தது. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தபோது காளை உள்ளே வந்தான்.

"என்னத்துக்கு இப்பிடி உக்காந்திருக்கீக?"

"சோணைய எங்க வச்சீக?"

காளை எட்டு மாசத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டான். தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"எதுக்கு இப்ப அது?"

"எங்கன்னு காட்டுங்க. நானும் இவளும் பாக்கணும்."

"பொம்பளைக அங்க வரக்கூடாதுல்ல."

"அழுகக்கூடாதுன்னாக, அழுகலை. வரக்கூடாதுன்னாக, வரலை. எல்லாம் கேட்டுத்தான் இப்பிடி இருக்கோம். அந்தப் புள்ள எங்க போச்சுன்னு இதுக்கு யாரு சொன்னா? நீங்க சொன்னீகளா, நான் சொன்னனா?"

"அக்கா என்ன சொல்லுமோ."

"ஒங்க அக்கா வயித்துலயா பெறந்துச்சு?"

காளை மகளைப் பார்த்தான். அதன் முழங்காலில் இருந்த தடிப்பைப் பார்த்தான். "காலையில கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

வியாழக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. மூன்று பேரும் கண்மாய்க் கரைமேல் நடந்தார்கள். காளை முன்னால், நடுவில் சின்னத்தாய், பின்னால் மாயக்காள். மறுகால் பக்கம் ஆட்கள் துண்டை விரித்துக் கெளுத்தி பிடித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன காளையண்ணே, குடும்பத்தோட கெளம்பிட்டீக, மீனு வேணுமா?" என்று ஒருவன் கேட்டான். "வேணாம் மாப்ள" என்றான் காளை. கரை வளைந்து கிழக்கே திரும்பும் இடம்வரை போய் நின்றான்.

"எங்க?" என்றாள் மாயக்காள்.

"அந்தா."

"அங்க முழுக்கத் தண்ணியால்ல கெடக்கு?"

"பங்குனியில தரையாத்தான் கெடந்துச்சு. அந்தக் கருவேலந் தலை தெரியுது பாரு, அதுக்கு இங்கிட்டு. அம்மையில போன புள்ளைக எல்லாத்தையும் அங்கதான் வச்சாக. நான் மூணு கல்லு அடையாளம் வச்சிருந்தேன். புரட்டாசி வரைக்கும் வந்து வந்து பாத்தேன். ஐப்பசியில ஒரு நாள் வந்தேன், கல்லு வரைக்கும் தண்ணி வந்துருச்சு. மறுநாள் வந்தேன், காணோம்."

"தெனமுமா வந்தீக?"

"மாட்டுக்குத் தண்ணி காட்ட வருவேன்ல."

அவனும் எட்டு மாசமாக இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தான் என்பது மாயக்காளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே வீட்டில் மூன்று பேர் இப்படி இருந்திருக்கிறார்கள்.

கருவேலந் தலையில் ஒரு நீர்க்காகம் இறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. மாயக்காள் மகளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"தாயி, இங்க பாரு. தம்பி செத்துப்போயிட்டான். அன்னைக்கு நீ பாத்தேல்ல, அப்பவே செத்துப்போயிட்டான். உன்னால இல்லை. யாரு அழுதாலும் அழுகாட்டியும் போயிருப்பான். அப்பா அவனை இங்கதான் வச்சிருக்காக. அன்னைக்கு நான் உன் வாயைப் பொத்தினது தப்பு. பயந்துக்கிட்டுச் செஞ்சுட்டேன். கேக்குதா?"

சின்னத்தாய் அம்மாவைப் பார்க்கவில்லை. கரைச் சரிவில் இரண்டு எட்டு இறங்கி, தண்ணீர் காலில் படும் இடத்தில் நின்றது. குனிந்து ஒரு கையை உள்ளே விட்டுப் பார்த்தது. கட்டுப்போட்ட விரல் நனைந்தது. ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

"தண்ணி எப்ப வத்தும்?"

கரகரவென்று, பழக்கமில்லாத குரலாக இருந்தது. காளை ஒரு எட்டு பின்னால் போனான். மாயக்காளின் கண் தானாக ஒழுக ஆரம்பித்தது.

"எப்பப்பா வத்தும்?"

"மாசி ஆகும்த்தா" என்றான் காளை. "இந்த வருசம் மழை சாஸ்தி. பங்குனிகூட ஆகலாம்."

"அம்புட்டு நாளா?"

"ஆமாத்தா."

"அது வரைக்கும் தம்பி உள்ளயேதான் கெடக்கணுமா?"

காளை மாயக்காளைப் பார்த்தான். மாயக்காள் கண்மாயைப் பார்த்தாள். ஊர் முழுக்கக் கும்பிட்டு வாங்கிய தண்ணீர். மூன்று ஊர் நெல்லும் அவளுடைய கீரையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மடையைத் திறக்கவோ அடைக்கவோ அவளுக்கு அதிகாரமில்லை. இருந்தால் மட்டும் என்ன செய்துவிடுவாள்? கழுத்துவரை தண்ணீரில் இறங்கித் தேடினாலும் மூன்று கல்லில் ஒன்றுகூடக் கையில் அகப்படாது.

"சொல்லும்மா" என்றது பிள்ளை.

"எனக்குத் தெரியலை தாயி."

சின்னத்தாய் அதைக் கேட்டுக்கொண்டு ஈரக் கரையில் உட்கார்ந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைக் கருவேலந் தலைப் பக்கம் வைத்துக்கொண்டது. அழவில்லை. அழும் என்று மாயக்காள் காத்திருந்தாள். வெயில் ஏறியது. மீன் பிடித்தவர்கள் போய்விட்டார்கள்.

"நாளைக்கு வண்டி வேணாம்னு அக்காகிட்டச் சொல்லிர்றேன்" என்றான் காளை, மாயக்காளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பேசிருச்சுல்ல."

"சொல்லுங்க."

"கீரையெல்லாம் அறுத்தது அறுத்தபடி கெடக்கு. வாடிப் போகும்."

"போகட்டும்."

கொஞ்ச நேரம் பொறுத்து காளை மகளின் தோளைத் தொட்டான். "எந்திரித்தா. வீட்டுக்குப் போவம். கஞ்சி குடிச்சுட்டு வேணும்னா மறுபடி வருவம்."

சின்னத்தாய் திரும்பவில்லை.

"நீங்க போங்க. நான் தம்பிகூட இருக்கேன்."

இரண்டு பேரும் போகவில்லை. ஆளுக்கொரு பக்கமாகப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.